வாத்து வராத பெட்டி

கரண்ட் போனபோது முனிரத்தினம் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான்.

தினமும் பகல் பன்னிரண்டுக்குத்தான் போகும், இரண்டு மணிக்கு வரும். அந்த வருஷம் ஊர் முழுக்க அப்படித்தான். பதினொன்றே முக்காலுக்கே மனைவி கிரேஸ் அவனிடம் சொல்லிவிடுவாள், "சீக்கிரம் முடிங்க, போகப் போகுது" என்று. அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்து பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டது. ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றது. திரை கறுத்தது. கறுப்பதற்கு முன்னால் அதில் இருந்தது இவ்வளவுதான்: தொண்டையில ஓட்டை போட.

கிரேஸ் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் தார் சுத்துவது. பக்கத்துத் தெரு நெசவு வீட்டிலிருந்து பட்டு நூல் வரும். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை இங்கே தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். அக்னி நட்சத்திர வெயிலில் ஈரமாக வைத்த நூல்கூட விரலில் உலர்ந்து ஒட்டியது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு விசிறியை எடுத்தாள்.

"ரெண்டு மணிக்கு வந்துடும். அப்போ சொல்லலாம், இன்னா?" என்றாள்.

அவன் வலது கட்டைவிரல் ஸ்விட்ச் மேலேயே இருந்தது. அந்த ஒரு விரல்தான் அவன் சொன்னபடி கேட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினவன் அவன். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேரை ஏற்றி, பத்துப் பேரோடும் பேசிக்கொண்டே போவான். முதலில் கை கியரைப் பிடிக்காமல் நழுவியது. பிறகு கால், பிறகு நாக்கு. நரம்பு செத்துக்கொண்டே வருகிற வியாதி, மருந்து இல்லை என்று சென்னையில் சொன்னார்கள். மண்டைக்குள் மட்டும் எல்லாம் பழையபடியே இருக்கும் என்றும் சொன்னார்கள்.

பெட்டி செய்து கொடுத்தது ஸிந்துஜா மேடம். சின்ன காஞ்சிபுரத்துப் பெண், இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள். உள்ளங்கை அகல போர்டு ஒன்று. அதுதான் முழு கம்ப்யூட்டர் என்றாள். அதை ஒரு அலுமினியப் பெட்டியில் வைத்து, கண்ணாடி மூடி போட்டு, பழைய திரை ஒன்றையும் ஸ்பீக்கரையும் ஸ்விட்சையும் சேர்த்தாள். போர்டில் யூஎஸ்பி வாய் ஒன்றுதான். ஆகவே நாலு வாய் உள்ள ஹப் ஒன்றை அதில் சொருகி, மற்றதையெல்லாம் ஹப்பில் சொருகினாள். போர்டுக்கு ஒரு அடாப்டர், ஹப்புக்குத் தனியாக ஒரு அடாப்டர். பெட்டி எழும்பும்போது முதலில் திரை மூலையில் ஒரு பறவை வரும். மேடம் அதைப் பென்குயின் என்பாள், கிரேஸுக்கு அது வாத்து. வாத்து வந்த பிறகு எழுத்துக்கட்டம் வரும். எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும், வேண்டிய எழுத்தில் அவன் விரலை அழுத்துவான். பெட்டி அந்த எழுத்தைச் சொல்லும், சொல் முடிந்தால் சொல்லையும் சொல்லும். ஏதோ ஒரு ஆம்பிளையின் தட்டையான குரல். அந்தக் குரலில்தான் ஒன்றரை வருஷமாகக் குழம்பில் உப்பு இல்லை என்றும் முதுகு வலிக்கிறது என்றும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வாரம் மூச்சு இழுத்தபோது சென்னை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, மூச்சு விட ஒரு மிஷினும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம், வருஷக்கணக்கிலும் போகலாம். வேண்டாமென்றால் அப்படியே விடலாம். கஷ்டம் தெரியாமலிருக்க மருந்து தருவேன், ரொம்ப நாள் இருக்காது. "அவரே சொல்லட்டும்மா. வெள்ளிக்கிழமை வாங்க, பெட் வச்சிருக்கேன்" என்றார். திரும்பி வந்த நாலு நாளும் முனிரத்தினம் அதைப்பற்றி ஒரு எழுத்து அழுத்தவில்லை. ஐந்தாம் நாள் ஆரம்பித்தான். ஆரம்பித்த இடத்தில்தான் கரண்ட் போனது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. பெட்டிக்குள் பச்சை லைட் எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது, வாத்து வரவில்லை.

கிரேஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். வரவில்லை. பத்து நிமிஷம் விட்டுப் போட்டாள். துணியால் துடைத்துப் போட்டாள், வேறு பாயிண்ட்டில் போட்டாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது தடவையாவது போட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் முனிரத்தினத்தின் கண் திரையைப் பார்க்கும், பிறகு அவளைப் பார்க்கும். கடைசியில் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எல்லம்மாள் வந்துவிட்டாள். முனிரத்தினத்தின் அக்கா. செவிலிமேட்டில் புதிதாக வந்த வீடுகளில் இரண்டில் வேலை செய்கிறாள். அம்மா செத்தபோது தம்பிக்கு மூன்று வயது. பாலாற்றில் மணல் வாரிப்போட்ட கூலியில் அவனை வளர்த்தவள் அவள்தான். தம்பிக்கு ஓட்டை போட்டு மிஷின் வைத்தே ஆகவேண்டும் என்பது அவள் கட்சி. பெட்டியை அவள் நம்பினதே இல்லை. உள்ளே எவன் குரலோ இருக்கிறது, கிரேஸ் எழுதி வைத்ததைத்தான் அது படிக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை, சொந்தக்காரர்கள் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

"ஓட்டை போடன்னு சொன்னானா? அப்புறம் இன்னா, போடத்தான் சொல்லிக்கீறான்."

"அண்ணி, போட வேணாம்னும் அதே மாதிரிதான் ஆரம்பிக்கும்."

"உனக்கு அப்படித்தாம்மா தோணும்" என்றாள் எல்லம்மாள்.

கிரேஸ் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கட்டி ஒன்று போனாலும் அவனுக்குப் புரை ஏறும். வடிகட்டின கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி முடித்ததும், அவன் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். பெட்டி வருவதற்கு முன்னால் இருந்த பழக்கம் அது: ஆமாம் என்றால் ஒரு அழுத்தல், இல்லை என்றால் இரண்டு. இப்போது விரல் எந்நேரமும் நடுங்கியது. எது நடுக்கம், எது அழுத்தல் என்று பெட்டியின் ஸ்விட்ச் கண்டுபிடித்துவிடும், கைக்குத் தெரியாது.

ஓட்டை போடணுமா என்று கேட்டாள். இரண்டு அழுத்தல் மாதிரி இருந்தது. அப்போ வேணாமா என்று கேட்டாள். அதற்கும் இரண்டு. திரும்பக் கேட்டாள். திரும்பவும் அதேதான், இதற்கும் இல்லை, அதற்கும் இல்லை. எல்லம்மாள் கையைப் பிடுங்கித் தான் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு நடுக்கம் மட்டும்தான் தெரிந்தது. "ஆமாங்கறான் பாரு" என்றாள், ஆனால் குரலில் உறுதி இல்லை.

கிரேஸ் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். க, ங, ச என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போய், விரல் எங்கே அசைகிறது என்று கவனித்தாள். முக்கால் மணி நேரத்தில் அகப்பட்டது ஒரு எழுத்து, ற. வேணும் என்பதில் ற இல்லை. வேணாம் என்பதிலும் இல்லை. நடுக்கத்தைத்தான் அழுத்தல் என்று எடுத்துக்கொண்டோம் போல என்று விட்டுவிட்டாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக இறங்கியது. துடைத்துவிட்டாள். துடைத்ததும் இன்னும் கொஞ்சம் வந்தது.

அண்ணியை உட்காரவைத்துவிட்டுப் பெட்டியை வயர்கூடையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் புறப்பட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாயிரம் என்று ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். கம்ப்யூட்டரும் பார்ப்பார். வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டியது. கண்ணாயிரம் பெட்டியைத் திறந்து பார்த்து, இந்த மாதிரி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, அடாப்டரைச் சொருகித் தன் கடைத் திரையில் மாட்டினார்.

வாத்து வந்தது.

மூலையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே எழுத்துக்கட்டமும் வந்தது. கிரேஸ் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாத்தாம்மா இருக்குது. உங்க வூட்டு கரண்ட் சரியில்ல, லோ வோல்டேஜா இருக்கும்" என்றார் கண்ணாயிரம். வேலைக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பும்போது ஷேர் ஆட்டோக்காரனும் வாங்கவில்லை. அவன் முனிரத்தினத்தோடு ஒரே ஸ்டாண்டில் ஓட்டினவன். வழி முழுக்கக் கூடையை மடியில் வைத்துக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிப் போட்டாள். பச்சை லைட் எரிந்தது. திரை கறுப்பு.

பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பார்த்தாள். கறுப்பு. எல்லம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கத் தொடங்கினாள். அங்கே எரிகிற பெட்டி இங்கே எரியாது என்றால் யார் எரியவிடாமல் செய்கிறார்கள் என்று அண்ணி நினைப்பது கிரேஸுக்குத் தெரிந்தது. சத்தியம் பண்ணலாம், அழலாம். எதைச் செய்தாலும் அது நடிப்பு மாதிரித்தான் தெரியும். அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது, உள்ளுக்குள் தனக்கே அந்தப் பதிலைக் கேட்கப் பயமாக இருக்கிறதோ என்று. மூன்று வருஷமாக ஒரு நாளும் அவள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினதில்லை.

ஸிந்துஜா மேடம் வேலை மாறி பெங்களூர் போய் ஆறு மாசம் ஆகிறது. பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் கிரேஸ் சின்ன காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினாள். அன்றைக்கு வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. வண்டியெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியூர் ஜனம் ரோடு அடைத்துப் போனது. மோர் கொடுக்கிறவர்கள், விசிறி கொடுக்கிறவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கினவர்கள் நடுவில் அவள் எதிர்த்திசையில் ஒன்றரை மணி நேரம் நடந்தாள். எங்கேயோ தூரத்தில் குடை அசைந்தது, எல்லாரும் கை கூப்பினார்கள். அவளும் நின்றாள். அவள் வேண்டிக்கொள்வது வேறு சாமியை. ஆனால் கூட்டம் நகரவிடவில்லை.

மேடத்தின் அப்பா யதிராஜன், ரிட்டையர் ஆன ஹைஸ்கூல் வாத்தியார். கதவு திறந்தவர் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தார். ஐயம்பேட்டை, பெட்டி என்று சொன்னதும் முகம் மாறியது. உள்ளே வரச்சொன்னார். அவள் வாசற்படியிலேயே நின்றாள். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. நம்பரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு தடவை வாசித்தும் காட்டினார். "நீ கூப்பிடு. எடுக்கலைன்னா நானும் கூப்பிட்டுண்டே இருக்கேன்" என்றார். உண்மையிலேயே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கிரேஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு இருபது, கரண்ட் வந்திருந்தது, அவள் செல்போன் அடித்தது.

மேடம் மூச்சு வாங்கப் பேசினாள், ஏதோ மீட்டிங்கிலிருந்து வெளியே வந்திருந்தாள். நடந்ததையெல்லாம் கிரேஸ் ஒரே மூச்சில் சொன்னாள்.

"கடையில எரிஞ்சுதுன்னு சொல்றீங்க. அங்க என்னென்ன மாட்டினீங்க?"

"பெட்டி மட்டும்தான் மேடம். அவரு டிவிய மாட்னாரு."

"சரி. இப்ப பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டுப் பத்து எண்ணிப் போடுங்க."

கிரேஸ் பிடுங்கினாள். எண்ணத் தொடங்கினவள் நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே இடத்தில் இதே பிளக்கை எத்தனை தடவை பிடுங்கியிருக்கிறாள். ஒரு தடவையாவது பெட்டிக்குள் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் திரையைத்தான்.

"மேடம், லைட் அணையலையே."

"எந்த லைட்?"

"பெட்டிக்குள்ள. பச்சை லைட். மங்கலா எரியுது."

"பிளக் எங்க இருக்கு?"

"என் கையில."



"கிரேஸ்ம்மா, ஹப்பு நான் குடுத்ததுதானே?"

அது புகைந்துபோய்விட்டது என்றாள் கிரேஸ். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதுசு வாங்கினாள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினாள், நன்றாகத்தான் வேலை செய்தது.

"அதான்" என்றாள் மேடம். "தப்பு உங்க மேல இல்ல. அந்த ஹப் தன்னோட கரண்ட்டை யூஎஸ்பி வயர் வழியா போர்டுக்குள்ள திருப்பி விடுது. அதனால போர்டு முழுசா அணையவும் மாட்டேங்குது, முழுசா எழுந்திருக்கவும் மாட்டேங்குது. நான் எழுதி வச்சிட்டு வந்திருக்கணும்." பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் போர்டிலிருந்து ஹப் வயரைப் பிடுங்க வேண்டும். லைட் நன்றாக அணைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு போர்டுக்கு மட்டும் கரண்ட். வாத்து வந்து, கட்டமும் வந்த பிறகுதான் ஹப்.

கிரேஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஹப் வயரைப் பிடுங்கினாள். பச்சை லைட் அணைந்தது. இந்தத் தடவை பெட்டி முழுக்க இருட்டாயிற்று. பிளக்கைச் சொருகினாள்.

வாத்து வந்தது. கட்டம் வந்தது. ஹப் வயர் இரண்டு தடவை வாயில் ஏறவில்லை, மூன்றாம் தடவை ஏறியது. எழுத்துகள் மின்ன ஆரம்பித்தன.

எல்லம்மாள் அடுப்படியிலிருந்து வந்து கட்டில் ஓரம் நின்றாள். கிரேஸ் வேண்டுமென்றே எழுந்து சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கிட்ட குந்துங்க அண்ணி. அவரு வெரலைப் பாருங்க."

முனிரத்தினம் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். கட்டைவிரல் அழுந்தியது.

"ற" என்றது பெட்டி.

நேற்று கிரேஸின் கையில் அகப்பட்ட அதே எழுத்து. வெற்றுத் திரையில் முதல் எழுத்தாக அது நின்றது. அவன் புதிதாக ஆரம்பிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து போனான். போடற.

எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று, சிலதற்கு இரண்டு. விரல் தவறினால் அழித்துவிட்டுத் திரும்ப வந்தான். எல்லம்மாள் மூக்கு விரலில் படுகிற தூரத்தில் குனிந்திருந்தாள். விரல் அழுந்துவதும் பெட்டி சொல்வதும் ஒன்றன் பின் ஒன்றாக வருவதை அவள் பார்த்தாள். வாய் தானாக முணுமுணுத்தது: மி, ஷி, னு. கரண்ட்ல. ஓடும்.

"தொண்டையில ஓட்டை போடற மிஷினு கரண்ட்ல ஓடும்" என்று கிரேஸ் தனக்குள் சேர்த்துப் படித்தாள். மூச்சு மிஷினைத்தான் சொல்கிறான்.

மேலும் வந்தது. கரண்ட் போனா இன்னா பண்ணுவ.

அவன் கண் அவள் பக்கம் திரும்பியிருந்தது. கேள்வி அவளுக்கு. போடணுமா, வேணாமா என்று மூன்று நாளாக அவனைக் குடைந்ததற்கு அவன் இல்லை இல்லை என்று சொன்னதெல்லாம் இதைக் கேட்கத்தான்.

"இன்வர்ட்டர் வாங்கிடலாம்டா" என்றாள் எல்லம்மாள்.

விரல் அழுந்தியது. நின்னா.

மூச்சு கொடுக்க டாக்டர் ஒரு ரப்பர் பை தருவதாகச் சொல்லியிருந்தார், கரண்ட் இல்லாத நேரம் அதைக் கையால் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். கிரேஸ் கட்டிலிடம் வந்து அதைச் சொன்னாள். நான் அமுக்குவேன், ரெண்டு மணி நேரம் ஆனாலும் அமுக்குவேன் என்றாள்.

பிறகு நாலே எழுத்து.

தூங்கினா.

அவள் வாயைத் திறந்தாள். தூங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் கஞ்சி ஊட்டும்போதே உட்கார்ந்தபடி தூங்கி, ஸ்பூன் அவன் மார்பில் விழுந்தது. அவனுக்குத் தெரியும். மூன்று நாளாகக் கரண்ட் வந்தும் எழும்பாத பெட்டியை அவள் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

"தெரியலைங்க" என்றாள். "எனக்குத் தெரியலை."

அவன் கண் அவள் முகத்திலேயே இருந்தது. கோபம் இல்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஏறினவர்களைத் திரும்பிப் பார்க்கிறவன் முகம்போல இருந்தது. விரல் மறுபடி வேலை செய்தது. எல்லம்மாள் ஒவ்வொரு எழுத்தும் வரும் முன்பே தலையை ஆட்டினாள், வராதே என்று தடுப்பதுபோல.

வே. ணா. ம்.

எல்லம்மாள் அந்த விரலைத் தொடவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிரேஸ் அழவில்லை. போனை எடுத்தபோதுதான் மேடம் அதுவரைக்கும் லைனிலேயே இருந்தது தெரிந்தது. பெட்டி வேலை செய்யுது மேடம் என்றாள். தெரியறது, கேட்டேன் என்றாள் மேடம்.

பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வரவில்லை என்று சொன்னார்கள். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. மருந்தை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

நாலரை மணிக்கு, முறை இல்லாத நேரத்தில், கரண்ட் மறுபடியும் போனது. கிரேஸ் விசிறியைத் தேடினாள். எல்லம்மாள் எழுந்து வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அழுத கண் வீங்கியிருந்தது.

"எந்த வயர மொதல்ல புடுங்கணும்?"

கிரேஸ் காட்டினாள். எல்லம்மாள் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம், கரண்ட் வருகிறவரைக்கும், அதைக் கீழே வைக்கவில்லை. ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. வாத்து வந்தது. "இப்பவா?" என்றாள். இன்னும் இல்லை அண்ணி, கட்டம் வரட்டும் என்றாள் கிரேஸ். கட்டம் வந்ததும் எல்லம்மாள் வயரைச் சொருகினாள். சொருகினவள் பெட்டியைப் பார்க்காமல் தம்பி விரலைப் பார்த்தாள்.

பெட்டி சொல்லச் சொல்ல அவளும் கூடவே சொன்னாள். அக்கா. கூட்டம். பஸ்ஸு. கெடைக்காது. கெளம்பு.

"கெளம்பறேன் கெளம்பறேன்" என்றாள் எல்லம்மாள்.

கிளம்பவில்லை. பாய் ஒன்றை உதறிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டாள். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அவன் சாவு எடுத்த பிறகுதான் செவிலிமேட்டுக்குப் போனாள்.